நாலு மூலையிலும் மஞ்சள்

பண்டமாரான், கிள்ளான்
21.8.1992

அன்பு மகள் கலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முட்டிவலியைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம், கிளாஸ்கோ குளிரில் நீயும் உன் தொண்டையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். எட்டு வாரமாக ஒரு வரிகூட எழுதவில்லை, உனக்குக் கோபம் இருக்கும். போனில் பேசிய அன்றும் உன் ஆய்வுப் படிவத்தைப் பற்றி "கொடுத்தாச்சு, கொடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை அப்பா கையில் தள்ளிவிட்டேன். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். முதலில் நல்ல சேதி. இங்கே நவம்பரில் நடக்கும் டாக்டர்கள் மாநாட்டுக் குழுவின் கடிதம் நேற்று வந்தது, உன் ஆய்வைப் போஸ்டராக வைக்க எடுத்துக்கொண்டார்கள்! அப்பா அதைத் திங்கட்கிழமை தன் போர்ட் ஆபீஸிலிருந்து ஃபேக்ஸ் பண்ணுவார், இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் பார்த்திருப்பாய். ஆய்வை எடுத்துக்கொண்டால்தான் உன் ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கும் என்று சொல்லியிருந்தாயே, உடனே காட்டிக் கையெழுத்து வாங்கிவிடு. மூன்று வருஷம் கழித்து நவம்பரில் நீ வீட்டுக்கு வருகிறாய்! தீபாவளி முடிந்திருக்கும், பரவாயில்லை, முறுக்கை டின்னில் போட்டு மூடி வைக்கிறேன்.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்தது. நீ ஃபேக்ஸில் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை எங்கள் பள்ளிக்கூட ஆபீஸ் டைப்ரைட்டரில் உட்கார்ந்து அடித்தேன். அந்தப் படிவம் உனக்குத் தெரியும், நடுவில் நீலக் கோட்டுக் கட்டம், ஒரு எழுத்துகூட வெளியே போகக் கூடாது, ஒரு ஆளுக்கு ஒரு படிவம்தான், அதை அப்படியே படம் பிடித்துப் புத்தகத்தில் போடுவார்கள். அடிக்கும்போதுதான் நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்றே எனக்குப் புரிந்தது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் அறையில் குழந்தையோடு தாயும் இருந்தால் நல்லதா என்று அறுபது குழந்தைகளைப் பார்த்திருக்கிறாய். அமைதியான தாய் பக்கத்தில் இருந்தால் குழந்தை குறைவாக அழுகிறது என்று படித்ததும் எவ்வளவு சந்தோஷம்! அதற்கு அடுத்த வரிதான் என்னைக் குத்தியது. பதற்றப்படும் தாயோடு வந்த குழந்தைகள் தாயே இல்லாமல் வந்த குழந்தைகளைவிட அதிகம் அழுதன என்று எழுதியிருந்தாய். கலா, உனக்கு ஆறு வயதில் டான்சில் எடுத்தார்களே, உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ பாட்டுக்கு ஸ்ட்ரெச்சரில் பொம்மையோடு பேசிக்கொண்டு போனாய், நான்தான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன், நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய், அப்புறம்தான் வீறிட்டு அழ ஆரம்பித்தாய். நர்ஸ் மிஸ்ஸி என் தோளைப் பிடித்து, "நீங்க வெளியில இருங்கம்மா, பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல" என்று கூட்டிக்கொண்டு போனார். அந்த வரியில் இருந்த தாய் நான்தான். கட்டத்தில் இடம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். டாக்டர் மகளின் எழுத்தில் கை வைத்தேன், மன்னிக்க வேண்டும் அம்மா. இத்தனைக்கும் நான் படித்தவள், தினமும் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிறவள்.

கொடுக்க வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள். காலையில் படிவத்தைச் சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டேன், கை தானாகவே மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் வைத்துவிட்டது. உன் பல்கலைக்கழக மனுவுக்கும் வைத்தேன், இடம் கிடைத்தது, அதனால் இரண்டாவது தடவை யோசிக்கவே இல்லை. அவசரத்தில் தண்ணீர் கூடிப்போய்விட்டது போலிருக்கிறது. காயுமுன் உறையில் போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாநாட்டுக் குழுவின் மாடி அறைக்குப் போய்ச் சேரும்போது மூன்றரை. அங்கே மேசையில் மார்க்கிரட் என்று ஒரு பெண், உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள் இருப்பாள். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, கறிக் குழம்பு ஊத்திட்டீங்களா லா?" என்றாள். மஞ்சள் என்றேன். "அக்கா, இது கல்யாணக் கார்டு இல்ல!" என்று சிரித்தாள், பிறகு தாளைத் தூக்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று மூலையின் மஞ்சள் கட்டத்துக்கு வெளியே இருந்தது, நாலாவது மூலையில் மஞ்சள் வழிந்து உள்ளே வந்து கடைசி இரண்டு வரிமேல் படர்ந்திருந்தது. நீலக் கோடு படத்தில் விழாதாம், மஞ்சள் மட்டும் கறுப்பாக விழுமாம், அப்போதுதான் தெரிந்துகொண்டேன். "இதைக் கொடுத்தா கமிட்டி தூக்கிப் போட்டுடும்கா, டாக்டர் நீங்களா?" என்று கேட்டாள். இல்லை, டாக்டரின் அம்மா என்றேன். "பொய் சொல்லாதீங்க, இவ்வளவு சின்ன அம்மாவா?" என்றாள். வேறு நாளாக இருந்தால் மகிழ்ந்திருப்பேன், அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இது போனால் என் பிள்ளை வரமாட்டாள், மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் நல்லவள் கலா. டிராயரில் பூட்டி வைத்திருந்த ஒரு படிவத்தை எடுத்தாள். யாரோ ஒரு டாக்டர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததாம், அதிலிருந்த பதிவு எண்ணை அழித்து உன் பெயருக்கு மாற்றி, பக்கத்தில் தன் கையெழுத்தும் போட்டாள். எழுந்து தன் நாற்காலியையே எனக்குக் கொடுத்து, "அழுதுக்கிட்டே அடிக்காதீங்கக்கா, இந்தப் படிவமும் நனைஞ்சா என்கிட்ட வேற கிடையாது" என்றாள். உள்ளே வந்த டாக்டர்கள் என்னை ஆபீஸ் ஆள் என்று நினைத்து "மிஸ், ரசீது" என்று கேட்க, அவள் நின்றுகொண்டே எல்லாருக்கும் பதில் சொன்னாள். நான் உன் ஃபேக்ஸ் தாளைப் பக்கத்தில் வைத்து அடித்துக்கொண்டே வந்தேன். அந்த வரி வந்தது. இந்தத் தடவை விட மனம் வரவில்லை. கடவுளே என் காரியத்தைக் கண்டுபிடித்து மேலே தப்புக் கோடு போட்டது போல இருந்தது. அடித்தேன், ஒரு எழுத்தும் மாற்றாமல். பார்த்தால் அதற்குப் பிறகும் கட்டத்தில் ஒரு வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. மணி நாலே முக்கால்.

எட்டு வாரம் எழுதாததற்கு அதுதான் காரணம், முடிவு தெரியாமல் இதை உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லை. நேற்று வந்த கடிதத்தின் அடியில் யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள், பதற்றமான தாய்மாரைப் பற்றிய முடிவுதான் இதில் புதிது, போஸ்டரில் அதைப் பெரிதாகக் காட்டவும் என்று. நான் விட்டுவிட்ட வரி அது. மஞ்சள் வழியாமல் இருந்திருந்தால் அது இல்லாத தாள்தான் போயிருக்கும், நீ கிளாஸ்கோவிலேயே இருந்திருப்பாய். அப்பாவிடம் சொன்னேன், "உன் பதற்றம் உலகத்துக்கே பயன்பட்டுடுச்சு, போ" என்று ஒரு மணி நேரம் சிரித்தார். மார்க்கிரட்டுக்கு நன்றி, அந்த மிஸ்ஸிக்கு நன்றி, அம்மாவுக்கு வலிக்குமே என்று உண்மையைக் குறைத்து எழுதாத உனக்கும் நன்றி. நீ வந்ததும் முதல் வேலையாக ஒரு டின் முறுக்கோடு மார்க்கிரட்டைப் போய்ப் பார்ப்போம்.

போஸ்டரைச் சுருட்டிக் குழாயில் போட்டுக் கையிலேயே கொண்டு வா, பெட்டியோடு விமானத்தில் ஏற்றிவிடாதே. ஸ்வெட்டர் போடாமல் வார்டுக்கு ஓடாதே, வேளைக்குச் சாப்பிடு. சுபாங் விமான நிலையத்தில் நீ வெளியே வரும்போது என் முகத்தைப் பார்ப்பாய் என்று தெரியும், இப்போதிருந்தே கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருக்கிறேன். நீ நூறு வருஷம் நல்லாயிருந்து, உன் கையால் தூங்கும் பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே கண் விழிக்க வேண்டும். உன் போஸ்டரின் பக்கம் மஞ்சளோடு வரமாட்டேன், சத்தியம். இந்தக் கடிதத்தின் நாலு மூலையில் மட்டும் வைத்திருக்கிறேன், இதை யாரும் படம் பிடிக்கப்போவதில்லை.

நாள் எண்ணிக்கொண்டிருக்கும் உன் அம்மா,
சீதாலெட்சுமி கார்த்திகேசு