இணைக்கப்படாத தனித்தாள்

அனுப்புநர்
மூளை அறுவைப் பிரிவில் இறந்த லிஃப்ட் மெக்கானிக்கின் அண்ணன்,
ஓய்வுபெற்ற சட்ட வரைவாளர்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு.

பொருள்: மீண்டும் வந்த மூளைப் புற்றுநோய்க்கான சோதனை அறுவை – முந்தைய முடிவுகளைக் காட்டாமல் ஒப்புதல் பெற்றது – வியாழனன்று நடக்கவுள்ள அறுவையை நிறுத்திவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் தம்பிக்கு வயது நாற்பத்தாறு. இருமுறை அகற்றிய கட்டி மூன்றாம் முறையும் வளர்ந்தபோது, கட்டியை எடுத்த குழியில் புதிய மருந்துப் பஞ்சு ஒன்றை வைத்துத் தைக்கும் சோதனை அறுவையை மருத்துவர் முன்வைத்தார். வேறு சிகிச்சை இல்லை என்றார். அது உண்மை என்றே இன்றும் நம்புகிறேன்.

2. ஒப்புதல் படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில், "முன்னர் இச்சிகிச்சை பெற்றோரின் நிலை: தனித்தாளில் காண்க" என்றிருந்தது. தனித்தாள் இல்லை. இணைப்பு விடுபட்ட ஆவணங்களை முப்பத்தோரு ஆண்டுகள் திருப்பி அனுப்பியவன் நான். அன்று கேட்கவில்லை. கேட்டால் தம்பியின் வாய்ப்புக் கைநழுவுமோ என்று அஞ்சினேன். அவனோ பேனாவை வாங்கிக்கொண்டு, "நீ படிச்சிட்டேல்ல அண்ணா, அப்புறம் நான் எதுக்கு? இந்தத் தலையில இனிமே ரிப்பேராக என்ன பாக்கி இருக்கு?" என்று சிரித்தான். சாட்சியாக நான் ஒப்பமிட்டேன்.

3. அறுவைக்குப்பின் அவன் கண் விழிக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் இறந்தான். பின்னர் பெற்ற கோப்பு நகலில் அத்தனித்தாள் இருந்தது. தேதி, எங்கள் ஒப்பத்துக்கு மூன்று வாரம் முந்தையது. அதில் இருவர்: ஒருவர் பேச்சிழந்தார், மற்றவர் பன்னிரண்டாம் நாள் இறந்தார்.

4. விளக்கம் கேட்டபோது ஆய்வு ஒருங்கிணைப்பாளர், "அதையெல்லாம் காட்டினா யாரு சார் கையெழுத்துப் போடுவாங்க?" என்றார். என் புகாரின் சாரம் இதுவே.

5. சோதனை அறுவையே கூடாதென்பது என் வாதமன்று. தாளைப் படித்த பின்னரும் தம்பி இசைந்திருக்கக்கூடும். அந்தரத்தில் நின்று வேலை செய்தவன். ஆனால் கம்பியைத் தானே இழுத்துப் பார்க்காமல் ஒருநாளும் ஏறியதில்லை. இம்முறை எங்களை நம்பி ஏறிவிட்டான்.

6. அதே வார்டில் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு வியாழனன்று இதே அறுவை. அவர் மனைவியின் கையிலிருந்த படிவத்தை இன்று பார்த்தேன். தனித்தாள் இல்லை.

எனவே, என் தம்பியை மூன்றாமவனாகச் சேர்த்து அத்தாளை அத்தம்பதியரிடம் வாசித்துக் காட்டும்வரை அறுவையை நிறுத்திவைக்க ஆணையிடவும், தனித்தாளைக் கேட்காமல் சாட்சி ஒப்பமிட்ட என்னையும் விசாரணையில் சேர்க்கவும் பணிந்து கோருகிறேன். சரி என்றோ வேண்டாம் என்றோ அறிந்து சொல்ல, அந்த ஓட்டுநருக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

இடம்: மருத்துவமனைப் பதிவேட்டு அறை
நாள்: 14, திங்கட்கிழமை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
இறந்தவரின் அண்ணன், ஒப்புதல் படிவச் சாட்சி