சேமித்த படிகளும் சஃபியாவின் காலை நேரமும்

நவம்பர் 3, 2025, திங்கள்

மனம் குழம்பியிருக்கிறது. வரிசைப்படுத்தி எழுதிப் பார்க்கிறேன்.

1. பக்கவாதத்துக்குப் பிறகு என் மனைவி ராமாமணியின் வலது கை முதன்முதலில் அசைந்தது பிசியோதெரபிஸ்ட் சஃபியாவிடம்தான். அவரையே தொடர வேண்டும்.

2. அவருக்கான முன்பதிவு மருத்துவமனை இணையதளத்தில் காலை ஆறு மணிக்குத் திறக்கும், உடனே தீர்ந்துவிடும். என் கைநடுக்கத்துக்கு அந்த வேகம் வராது. அதனால் கணினியில் ஏஐ உதவியாளரை வைத்துப் பதிவு செய்கிறேன்.

3. அது ஒருமுறை செய்த படிகளை அடுத்த முறைக்குச் சேமித்து வைக்கிறது. அதை நம்பக்கூடாது. பக்கம் மாறியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது அழுத்திவிடும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் சேமிப்பை அழித்த பிறகே தொடங்குகிறேன். சரிதானே?

நவம்பர் 4

இன்றும் கிடைக்கவில்லை. அது பக்கத்தைப் பார்த்து, யோசித்து, ஒவ்வொன்றாகத் தேடி முடிப்பதற்குள் எல்லாம் நிரம்பிவிட்டது. ராமாமணி இடது கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 6

பெரியநாயக்கன்பாளையத்தில் கணினி பழுதுபார்க்கும் யாகூப்பிடம் போனோம். இதை நிறுவித் தந்தவர் அவர்தான்.

“ஏனுங்க சார், தெனமும் அழிச்சுப்போடறீங்களா? அப்புறம் அதுக்குத் தெனமும் புது ஊருதானுங்க. விசாரிச்சு விசாரிச்சுத்தான் போகும்.”

“பக்கம் மாறிட்டா?”

“பழைய படி பொருந்துலீன்னா நின்னு மறுக்காப் பாக்குமுங்க.”

ராமாமணி சிரித்தாள். “வாசக் கேட்டப் பூட்டிப்போட்டு மூணு தடவ இழுத்துப் பாக்கற ஆளுங்க இவரு. மெசினையும் அப்படியே பழக்கிப்போட்டாரு.”

வெட்கமாக இருந்தது. யாகூப் ஒருமுறை ஓட்டிக் காட்டி, படிகளைச் சேமித்துக் கொடுத்தார்.

நவம்பர் 7

அழிக்கவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் பதிவு முடிந்திருந்தது. சஃபியா, செவ்வாய் காலை.

நவம்பர் 12

பயந்ததே நடந்தது. இணையதளத்தை மாற்றியிருக்கிறார்கள். ‘உறுதி செய்’ இருந்த இடத்தில் இன்று ‘ரத்து செய்’. போச்சு, உள்ளதும் போச்சு, ஏன்டா அழிக்காம உட்டேன் — கைக்கு மவுஸ்கூட அகப்படவில்லை.

ஆனால் ஏஐ எதையும் அழுத்தாமல் நின்றது. பக்கத்தை மறுபடி பார்த்தது. கீழே இறங்கி, சரியானதைக் கண்டுபிடித்து அழுத்தியது. புதிய படியைச் சேமித்தும் கொண்டது. கடைசி இடம் எங்களுக்கு.

நவம்பர் 13

குறிப்பிட ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் 18

சஃபியாவிடம் போய்வந்தோம். மாலையில் ராமாமணி காபி டம்ளரை வலது கையால் எடுத்து என் பக்கம் நீட்டினாள். தளும்பியது. பதறிப்போய்க் கையைக் கொண்டுபோனேன்.

“நீங்க புடிக்க வராதீங்க. நானே வெக்கறேன்.”

கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். மேசையில் கொஞ்சம் சிந்தியது. மற்றபடி டம்ளர் வந்து சேர்ந்தது.

முதல் நாள் பட்டியலில் மூன்றாவதாக எழுதியிருந்தது தவறு.