நூற்றெட்டுக்கு இரண்டு பேர்

ஜூன் 3, செவ்வாய்

கரன்ட் போய் வந்தது. சமையலறையில் என் போன் மறுபடியும் "கணினியைக் காணவில்லை" என்கிறது. ஹாலில் மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, காணவில்லையாம்!

இவருடைய பாசுரப் பதிவுகள் எல்லாம் அதில்தான். இயர்போனில் கேட்டுக்கொண்டு சமைத்தால்தான் எனக்குக் கை ஓடுகிறது. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு இவர் பேச்செல்லாம் சிலேட்டில். கோயில் கோஷ்டியில் முதல் குரல் இவருடையது; திரும்பி வருமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. ஒருநாள் பழைய பதிவைச் சத்தமாகப் போட்டேன். "நிறுத்து" என்று எழுதிக் காட்டினார். அதனால்தான் இந்தத் திருட்டுத்தனம்.

ஜூன் 5, வியாழன்

ஒரகடம் கம்பெனியிலிருந்து பிள்ளை கோவிந்த், டீ பிரேக்கில் பேசினான். "கரன்ட் போய் வந்தா ரௌட்டர் கம்ப்யூட்டருக்குப் புது நம்பர் குடுத்துடறதும்மா. உன் போன் பழைய நம்பர்லயே தேடறது. நீயே ஒண்ணை நிரந்தரமா போட்டுடு. முன்னாடி இருக்கறதைத் தொடாதே. கடைசி நம்பர் மட்டும் நூறுக்கு மேல, உன் இஷ்டம்."

நூறுக்கு மேல் என்றால் எனக்கு வேறென்ன தோன்றும்? திவ்யதேசம் நூற்றெட்டு. 108 போட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

"இதே எண் வேறொரு கருவியிடம் இருக்கிறது" என்கிறது திரை. யாரிடம்? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

மாடியிலிருந்து இவர் தம் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், நெட் வரவில்லை என்று சைகை. பேட்டரி செத்த லேப்டாப். செருகிப் பார்த்தேன். 108! என் கணினியில் இருந்த பதிவுகளையெல்லாம் அதில் நகல் எடுத்து வைத்து, படுத்தபடி தம் போனில் கேட்கிறார். தம் குரலையே. இவருக்கும் கோவிந்த்தான் குரு. அந்தக் கழுதை என்னிடம் மூச்சு விடவில்லை.

"நிறுத்துன்னு எழுதினேளே?"

"நீ அழுவாய் என்று."

அதுவரை அழவில்லை. அப்போது அழுதேன்.

ஜூன் 8, ஞாயிறு

யார் விட்டுக்கொடுப்பது?

"நான் 107 போட்டுக்கறேன்" என்றேன். சிலேட்டு: "அது திருப்பாற்கடல். 108 பரமபதம். இரண்டுக்கும் இந்த உடம்போடு போக முடியாது. உனக்கென்ன அவசரம்?"

"அப்போ ஒண்ணு? ஸ்ரீரங்கம்?"

"ஒன்றாம் நம்பரில் ஏற்கெனவே ரௌட்டர் பள்ளிகொண்டிருக்கிறது."

சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று! அப்புறம் பெரிதாக 109 என்று எழுதினார். நம் ஸ்ரீபெரும்புதூர் அந்த நூற்றெட்டில் இல்லையே, அதற்கு இருக்கட்டும் என்று.

"நீங்க மட்டும் பரமபதத்துலயா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னுடையதை 109 ஆக்கிவிட்டு, மாடிக்குப் போய் அவருடையதை 110 ஆக்கினேன். அடுத்த வீடு.

ஜூன் 11, புதன்

கரன்ட் இரண்டு தடவை போய் வந்தது. போன் ஒரு வார்த்தை முனகவில்லை. சமத்து.

ஜூன் 27, வெள்ளி

காலையில் சாத்தமுதுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து பாசுரம். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. இருமல். மறுபடி முதலிலிருந்து.

பதிவில் இவர் இருமியதே இல்லை. அப்புறம்தான் உறைத்தது, கரன்ட் போய் அரைமணி ஆகிறது.

மேலே போகவில்லை. போனால் நிறுத்திவிடுவார். புளிக்கையோடு மாடிப்படி அடியில் நின்றேன்.

கரன்ட் வந்தது. மின்விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாம் இரைய ஆரம்பித்தன. கையைத் துடைத்துக்கொண்டு போய் மெயினை அணைத்துவிட்டு வந்தேன்.