ஒன்பதாவது கை

மார்ச் 14, சனி. வில் நகரம், சுவிஸ்.

எங்கள் தமிழ் நூலகத்துக்கு நகரசபை தருகிற அறை இன்று கைநழுவப் பார்த்தது. குழுவில் எட்டுப் பேர் சம்மதித்தோம். செல்வம் மட்டும் மறுத்தார். போலந்துச் சங்கத்தோடு பகிர வேண்டிய அறையாம். எல்லோரும் கை உயர்த்தினால்தான் தீர்மானம். ஒருவரும் மனம் நோகக்கூடாதென்று அந்த விதியை எழுதியவளே நான்.

சரித்திரம் படிப்பித்த பழக்கதோஷத்தில் உதாரணம் சொன்னேன். போலந்தில் ஒரு காலத்தில் ராசாவையே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் சபையில் ஒருவர் மறுத்தாலே எல்லாம் விழுந்துவிடும். கடைசி ராசா காலத்தில் அதை ஒழிப்பதற்குள் அயலவர்கள் நாட்டைப் பங்குபோடத் தொடங்கிவிட்டார்கள்.

"அந்த ராசா கடைசியில முடியைத் துறந்தவரெல்லோ ரீச்சர்? நீங்களும் தலைமையை விடுங்கோவன்," என்றார் செல்வம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

விடமாட்டேன். வெள்ளிக்குள் பதில் போகாவிட்டால் அறை வேறு ஆட்களுக்கு. திங்கள் காலை எட்டுக் கைகளை நம்பிக் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். பிறகு செல்வம் என்னை இறக்கப் பார்க்கட்டும். அவர் பிடித்துத் தொங்கும் விதிப்படி அதற்கும் ஒன்பது கைகள் வேண்டும். என் கை எழும்பாது.