ஒருமனதாக என்று நான் எழுதிய வரி

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைக் கூடப்பிறந்தவளாக நினைத்த பேச்சி மதினிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அண்ணன் இன்னும் உங்கள் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. ஏன் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன். உங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி அழுதால், அது எனக்கு ஆறுதலாகப் போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டம் நினைவிருக்கிறதா? யானையும் பன்றியும் ஊருக்குள் வராமலிருக்க மலையடிவாரத்தில் அகழி வெட்டப்போகிறோம், அதற்கு ஊர்மக்கள் கருத்தைக் கேட்டு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று வனத்துறை ரேஞ்சர் வந்திருந்தார். பிளஸ் டூ படித்தவள், அம்பாசமுத்திரத்தில் எஸ்.டி.டி. பூத்தில் உட்காருகிறவள் என்று குறிப்பெழுத என்னை உட்கார வைத்தார்கள். வந்தவர்களிடம் முதலிலேயே, வந்ததற்கு அடையாளமாக, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நீங்களும் போட்டீர்கள்.

ஆண்கள் பேசி முடித்தபிறகு நீங்கள் எழுந்தீர்கள். "வேண்டாம்னு சொல்லல அய்யா, வெட்டுங்க. ஆனா பாலத்துக்குப் போற பாதைய மட்டும் அடைச்சிராதிய. அக்கரையில எங்க எலுமிச்சந்தோட்டம் கெடக்கு. பாலம் இல்லன்னா ஓடையில எறங்கித்தான் போவணும். மலையில பெய்யுத தண்ணி சொல்லிட்டா வருது?"

"நியாயமான பேச்சு. மேல சொல்லுதேன்," என்றார் ரேஞ்சர். என் பக்கம் திரும்பி, "ஏம்மா, குறிச்சுக்கிட்டியா?" என்றார். குறித்திருந்தேன் மதினி. ஒரு சொல் விடாமல் குறித்திருந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! "பாத்தியா கோமதி, நாம பேசுனா கேக்கத்தான் செய்யுதாங்க," என்றீர்கள்.

மூன்றாம் நாள் ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அங்கே இருந்த வனவர், ரேஞ்சருக்குக் கீழே வேலை பார்ப்பவர், என் குறிப்பை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத்தாள் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஆட்சேபணை எதுவும் இல்லை. அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"எங்க மதினி பாலத்தப் பத்திச் சொன்னாங்களே சார்?"

"அத எழுதுனா மறுபடி அளக்கணும், மறுபடி கூட்டம் போடணும். அதுக்குள்ள திட்டம் வேற ஊருக்குப் போயிரும். வெட்டுத அன்னைக்கு நேர்ல பாத்துக்கிடலாம், எழுதும்மா."

எழுதினேன். யாரும் மிரட்டவில்லை. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று பாராட்டினார். அந்த ஆபீசில் எனக்கொரு வேலை கிடைத்தாலும் கிடைக்கும் என்றொரு நப்பாசை. அவ்வளவுதான். உங்கள் பேச்சை நான் எதற்கு விற்றேன் என்று பார்த்தீர்களா?

புரட்டாசியில் பாதையை அறுத்துக்கொண்டு அகழி போனது. ஓடி வந்து கேட்டீர்கள்: "எழுதிக் குடுத்தோம்லா கோமதி? பெறகு ஏன் வெட்டுதாங்க?" மேலே போய்ச் சேர நாளாகும் மதினி என்றேன். நீங்கள் நம்பினீர்கள்.

ஐப்பசியில் அந்த மத்தியானம் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. எலுமிச்சம்பழ மூட்டையைத் தலையில் வைத்து நீங்கள் ஓடையில் இறங்கியபோது முழங்கால் அளவுதான் தண்ணீர் என்கிறார்கள். வெள்ளம் வருது என்று இக்கரையில் துணி துவைத்தவர்கள் கத்தியது உங்கள் காதில் விழுந்ததா? மறுநாள் காலையில் வெகுதூரம் தள்ளி, நாணல் புதரில்தான் உங்களைக் கண்டெடுத்தோம்.

பேட்டையிலிருந்து உங்கள் அம்மா வந்தார்கள். "எம் மவளுக்குச் சின்னதுலயிருந்தே அவசரம். செத்த நேரம் பொறுத்து வந்திருக்கக் கூடாதா?" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்களை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை அத்தை என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை.

சொல்லியும் ஏன் பாதையை அடைத்தார்கள் என்று கேட்டு அண்ணன் மனுப் போட்டான். தை மாதம் பதில் வந்தது, கூட்டக் குறிப்பின் நகலோடு. அவனுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே, என்னிடம் நீட்டினான். நான் எழுதியதை நானே வாசித்தேன்.

"அவ எதுவும் சொல்லலன்னா போட்டிருக்கு?"

"ஆமாண்ணே."

"நான் பக்கத்துல இருந்து கேட்டேனே! நீயும் குறிச்சியே! யாரு எழுதுனது இத?"

"ஆபீஸ்ல யாரோ மாத்தி எழுதியிருக்காங்க," என்றேன்.

ஆடி வரைக்கும் அந்தப் பொய்யோடு அவனுக்குச் சோறு போட்டேன். பிறகு தாங்கவில்லை, ஒருநாள் சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம், இல்லையா?

ஆபீசுக்கும் போனேன். இப்போது வேறு ரேஞ்சர். நடந்ததைச் சொன்னேன். "கையெழுத்து ஒன்னோடதுதான? அப்பம் பொய் எழுதுனது நீதான்னு ஆவும். ஒங்க மதினியும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. முடிஞ்ச ஃபைலும்மா இது," என்றார். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பாலத்துக்குப் போக அகழிக்கு மேல் ஒரு பலகையாவது போடுங்கள் என்றேன். அதற்கும் கூட்டம் போட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டுமாம்.

கூட்டம் போன மாதம் நடந்தது. வந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், டீ குடித்தார்கள், எழுந்து போனார்கள். நான் ஒருத்திதான் பலகை கேட்டேன். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் பேசினால் யார் நம்புவார்கள்? குறிப்பெழுத வேறொரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. பலகை வரவில்லை, ஐப்பசி வந்துகொண்டிருக்கிறது. ஜனங்கள் ஓடையில்தான் இறங்குகிறார்கள்.

எனக்கு இனி எதன்மேலும் நம்பிக்கை இல்லை மதினி. ஒன்று மட்டும் என் கையில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேட்டைக்கு பஸ் ஏறுவேன். உங்கள் மகள் அவசரக்காரி இல்லை, முன்கூட்டியே எல்லாம் தெரிந்து சொன்னவள், அவள் சொன்னதை அழித்தவள் நான் என்று அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். உள்ளே விடாவிட்டால் தெருவில் நின்று சொல்வேன். இது சத்தியம்.

மன்னிப்புக் கேட்கத் துணியாத
உங்கள் நாத்தனார்,
கோமதி