மூன்று தட்டு

மனாஸ் நகரத்துப் படகுப் பட்டறையில் இருக்கிற என்னவனுக்கு,

ஆற்றில் நம் மிதவை வீடு இன்னும் மிதக்கிறது. அடிமரம் ஒன்று ஊறிப்போய் அடுப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதைச் சொல்ல உட்காரவில்லை. சொல்ல வந்ததை எழுத முடியாமல் மூன்று தடவை எழுந்துபோய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மீன் குடலை நம் துறையில் கொட்டாதே, கெய்மன் முதலை பழகிவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாய். கொட்டினேன். இரண்டு வெள்ளக்காலம் போய்விட்டது, நீ வரவில்லை. மீன் அரிந்து முடித்ததும் கத்திப்பிடியால் பலகையில் மூன்று தட்டு தட்டுவேன். நீ வீடு திரும்பும்போது துடுப்பால் படகு விளிம்பில் தட்டுவாயே, அதே மாதிரி. அந்த முதலை ஆரம்பத்தில் தள்ளி நின்று கண்ணை மட்டும் காட்டியது. இப்போது துறைப்பலகையில் தாடையை வைத்துக் காத்திருக்கிறது. உன் படகைவிட நீளம்.

நேற்று பக்கத்து வீட்டு சுல்மிரா அக்கா பார்த்துவிட்டுக் கத்தினாள். "புத்தி கெட்டுப்போச்சாடி உனக்கு? புருஷன் இல்லேன்னா நாய் வளர்ப்பாங்க, முதலையவா வளர்ப்பாங்க? எங்க வீட்டுக்காரர துப்பாக்கி எடுத்துட்டு வரச் சொல்லவா?"

"வேணாங்க்கா. கூப்பிட்டா வர்றது அது ஒண்ணுதான்."



குடல் கொட்டுவதை நிறுத்திவிட்டேன். இன்று காலை கைதவறிக் கரண்டி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே வந்து நின்றது.

எப்போது வருவாய் என்று கேட்கப்போவதில்லை. ஆனால் வந்தால் தட்டாதே. எனக்கு முன்னால் அது வந்துவிடும். ஆற்று வளைவிலேயே நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. அதற்கு நான் மட்டும்தான் வருவேன்.

இப்படிக்கு,
துறையிலேயே நிற்கிறவள்