ந-7 பெட்டியில் இருந்த எலும்பு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் ஏ.சி., லேசர் மைக்ரோஸ்கோப் இருக்கும் அறைக்கு மட்டும். மனிதர்களுக்கு மின்விசிறி. அதுவும் கிறீச் கிறீச்.

இன்று: நோ-4, நோ-5 வெட்ட வேண்டும். நாளை ந-7. (நோ, நோயுள்ள எலும்பு. ந, நல்ல எலும்பு. என் சுருக்கம்.)

துறைத்தலைவர் வந்தார். இனி து.த. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட லென்சில் கண் வைக்காத மகான்.

"இன்னாம்மா, நல்ல எலும்பு ஏழு ஆச்சா? கட்டுரை அனுப்பணும்."

கட்டுரையில் என் பெயர் நான்காவது, அவர் மைத்துனருக்குக் கீழே. மைத்துனர் பல் டாக்டர். 

மலை ஆட்களின் எலும்பு இரும்பு என்று இங்கே வாசல் காவலாளி முதல் து.த. வரை நம்பிக்கை. கல்வராயன் மலையிலிருந்து இடுப்பு உடைந்து யார் வந்தாலும், அறுவையில் எடுத்த, பந்து போன்ற தொடை எலும்பு முனை நேராக 'நல்ல' பெட்டிக்கு. லேபிள் ஒட்டுவது நான்.

ஜூலை 9, புதன்

மேகம் மட்டும். டீயில் எறும்பு.

ந-7: கல்வராயன் மலைக் கரியாலூர் ஆள், வயது 41, பலா மரத்திலிருந்து விழுந்தார். 'நல்ல' பெட்டியிலிருந்து லேசருக்குப் போகும் முதல் எலும்பு; மற்ற ஆறும் வெட்டி வைத்ததோடு சரி.

இந்த லேசரில் எலும்பின் நார், சாயம் இல்லாமலே ஒளிரும். நல்ல எலும்பில் பாய் முடைந்தது போல வரிசையாக. ந-7இல் கலைத்துப் போட்ட கோரை. சாயம் போட்ட துண்டிலும் ஓரமெல்லாம் சுண்ணாம்பு ஏறாத பட்டை, அகலம் அகலமாக. பெட்டி மாறிவிட்டதோ? இல்லை. எண் சரி, கையெழுத்து என்னுடையது.

எலும்பு மென்மையாகும் நோய். மாத்திரையில் பெரும்பாலும் தேறும். விட்டால் இன்னொரு காலும் போகும்.

து.த.விடம் படத்தைக் காட்டினேன்.

"வெட்டறப்ப கெட்டிருக்கும். வேற துண்டு எடு."

"மூணு துண்டு பாத்துட்டேன் சார்."

"நாலாவது எடு. நாம பண்றது ஆராய்ச்சி, வைத்தியம் இல்ல. ஏழுன்னா ஏழு."

கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. "சரி சார்" என்றேன். என்னையும் சேர்த்து நெரிக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். ஸ்கூட்டி பழுது. நனைந்துகொண்டே வந்தேன்.

பதினொரு மணிக்கு ந-7 நேரில் வந்து நின்றார். தையல் காட்ட வந்தவர். ஊன்றுகோல், கூடவே மனைவி, அவள் கையில் புதுத் துணி. பெயர் பொன்னுசாமி. எனக்கு இன்றுதான் தெரியும்.

"மேடம், என் எலும்பு இங்கதான் இருக்குதாங்க? குடுத்தீங்கன்னா எங்க கொல்லையிலயே பொதச்சிடுவோம். ஒடம்புல ஒரு பாகம் வெளியூர்ல கெடக்கக் கூடாதுங்க."

பாதியைச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். எந்த முகத்தோடு சொல்வது? பேச்சை மாற்ற, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன்.

"வுழுந்து ஒடையலிங்க. ஏறிக்கினு இருக்கறப்பவே தொடையில படக்குன்னு சத்தம். அப்பறந்தான் வுழுந்தேன். வந்த அன்னிக்கே சொன்னேன். 'மரத்துல ஏறுனியா இல்லியா'ன்னாங்க. ஏறுனேன்னேன். எழுதிக்கினாங்க."

மனைவி சொன்னாள்: "இப்ப அந்தக் காலும் வலிக்குதுன்னு மலை எறங்கறப்ப அழுதாருங்க."

படங்களை அச்செடுத்து, எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்த உடனே இரத்தப் பரிசோதனை, மற்ற காலுக்கு எக்ஸ்ரே. ஊன்றுகோல் இல்லாமல் அடி எடுத்து வைக்கக் கூடாது என்றார். எலும்பைச் சீவிவிட்டதைப் பொன்னுசாமியிடம் சொன்னேன். மனைவியிடமிருந்து துணியை வாங்கி விரித்தார். மிச்சத்தை அந்தத் துணியில் வைத்துக் கொடுத்தேன்.

து.த. வாசலில் நின்றார்.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"எலும்புக்காரரக் கேட்டுத்தான் சார்."

"சாயந்தரம் சாவிய வச்சிட்டுப் போய்க்கினே இரு."

சாயந்தரம் வரை நேரம் இருக்கிறது. ந-7 லேபிளில் ந-வை அடித்து நோ எழுதினேன். பிறகு ந-1 முதல் ந-6 வரை கேஸ் ஷீட்டுகள். பாறை. புளிய மரம். பாறை. கிணற்றுப் படி. பலா மரம். வரப்பு. ஆறு பேரும் மலை. ஆறிலும் 'விழுந்தார்'. முதலில் உடைந்ததா, விழுந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

நான்கு பேருக்குத்தான் போன் நம்பர். முதலில் ந-2. மனைவி எடுத்தாள்.

"அவுருங்களா? போன வாரம் இன்னொரு காலும் ஒடஞ்சி படுத்துக்கினு இருக்காருங்க. கட்டில்ல இருந்து எந்திரிச்சாரு, படக்குன்னுச்சி. ஆஸ்பத்திரில 'வுழுந்துட்டாரு'ன்னே எழுதிக்கினாங்க."